மாலை போட்ட டிராக்டரைத் திருப்பி அனுப்பலாமா?

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வண்டி வந்துடுச்சு. நாளைக்கு நாள் நல்லா இருக்காம். ஒன்பதுலேருந்து பத்தரைக்குள்ள எடுக்கணும்னு அம்மா சொல்றாங்க. நீங்கதான் வந்து சாவி வாங்கிக் கொடுக்கணும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் இப்போது வண்டி என்றால் டிராக்டர்தான். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் விவசாயக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ டிராக்டர்களுக்கு முன்னால் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டியிருக்கிறேன். சொந்தக்காரப் பையன் வாங்குகிறான் என்றால் கேட்கவா வேண்டும்? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

ஷோரூம் வாசலில் வண்டி தயாராக நின்றது. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை ஒரு பையன் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா கையில் தேங்காய். எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை.

பழக்க தோஷம் என்று சொல்லுங்கள். நான் முதலில் கேட்டது கொட்டேஷனைத்தான். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் இடித்தது. பின் டயர் 14.9-28 என்று எழுதியிருந்தது. வண்டியில் இருந்தது 13.6-28. தயாரித்த மாதம் போன வருடம் மார்ச். அதாவது பத்து மாதமாக எங்கோ ஒரு யார்டில் நின்ற வண்டி. மூன்றாவதுதான் முக்கியம். இவன் கேட்டது டபுள் கிளட்ச். வந்திருந்தது சிங்கிள் கிளட்ச்.

விற்பனைப் பையன் அசரவில்லை. "சார், இதுவும் அதே நாற்பத்தஞ்சு எச்.பி.தான். என்ஜின் ஒண்ணுதான். கேட்ட வண்டியே வேணும்னா இன்னும் மூணு நாலு வாரம் ஆகும். அறுப்பு சீசன்ல அதுவரைக்கும் காத்திருப்பீங்களா? மேல் கூரையும் பின்னால ஹூக்கும் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன் சார்" என்றான்.

அக்கா என்னைத் தனியாக இழுத்தாள். "ஏன்டா, மாலை போட்டாச்சு, பொட்டு வச்சாச்சு. வாசல் வரைக்கும் வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்புவாங்களா?" என்றாள். அக்கா மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பதிவுக்கு வேண்டிய படிவங்கள் மேசை மேல் பேனாவோடு இருந்தன.

கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நான் அங்கே என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அது 1991 மார்ச். நான் கீழத்தஞ்சையில் ஒரு கிளையில் கள அலுவலர். நாகப்பட்டினம், திருவாரூர் எல்லாம் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஒன்பது ஏக்கர் நஞ்சை வைத்திருந்த ஒரு பெரியவர் 25 எச்.பி. டிராக்டருக்குக் கடன் கேட்டிருந்தார். கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். களிமண் வயல். சேற்றில் இறங்கினால் கனமான வண்டி அமுங்கும். தன் நிலத்தை உழுதுகொண்டு, பக்கத்து வயல்காரர்களுக்குக் கொஞ்சம் கூலிக்கு ஓட்டினால் தவணை கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

மார்ச் மூன்றாவது வாரம் வந்து இறங்கியது 35 எச்.பி. வண்டி. கேட்டது கையிருப்பில் இல்லையாம். பெரியவர் தயங்கினார். நேராக என்னிடம் வந்து, "சார், பெரிய வண்டியா இருக்கே. நம்ம வயலுக்குத் தாங்குமா? எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

அந்த மாதம் முடிய எங்கள் கிளைக்கு இன்னும் இரண்டு டிராக்டர் கடன் கொடுத்தாக வேண்டும். மண்டல அலுவலகத்திலிருந்து தினமும் போன். நான் சொன்னேன்: "பெரிய வண்டி நல்லதுதானேய்யா. இன்னும் நாலு பேருக்குக் கூலிக்கு ஓட்டலாம். கடன் தொகையை ஏத்தித் தர்றேன்."

அவர் அந்த வயலைப் பற்றி என்னைவிட நாற்பது வருடம் அதிகம் தெரிந்தவர். இருந்தாலும் பேங்க் சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கூடுதல் மார்ஜின் பணத்துக்கு அவர் மனைவியின் செயின் அடகுக்குப் போனது. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

முதல் சம்பாவிலேயே வண்டி சேற்றில் அச்சு வரை இறங்கியது. இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். இப்படி இரண்டு மூன்று முறை நடந்ததும் பக்கத்து வயல்காரர்கள் அந்த வண்டியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். டீசல் செலவு கூடியது. கூலி வருமானம் குறைந்தது. தவணை மட்டும் பெரிய வண்டிக்கு உரிய தவணை. மூன்றாம் வருடம் கிடைத்த விலைக்கு வண்டியை விற்றார். மீதிக் கடனுக்கு மூன்று மா நிலம் போனது.

இடையில் தண்ணீர் சரியாக வராத வருடமும் ஒன்று இருந்தது. எல்லாப் பழியும் டிராக்டர் மேல் இல்லை. ஆனாலும் அவர் கேட்ட வண்டியை நான் கொடுத்திருந்தால் தாக்குப் பிடித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கணக்கை முடிக்க வந்த அன்று, ஒரு வார்த்தை கோபமாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். "வர்றேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் அன்று ஷோரூமில் "அதே எச்.பி.தான், எடுத்துக்குங்க சார்" என்று கேட்டதும் எனக்கு என் குரலே கேட்டது போல இருந்தது.

சரி, மாறி வந்த வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமா? அதுவும் என் கட்சி இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் சித்தப்பா, கேட்ட கம்பெனி டயர் இல்லை, சீட் வேறு மாதிரி இருக்கிறது என்று வண்டியை வேண்டாம் என்றார். வீம்பு. கேட்டது வந்து சேர்வதற்குள் குறுவை உழவு முடிந்துவிட்டது. டயரின் பெயரைப் பார்த்தா நெல் விளைகிறது? ஒரு பருவத்துக் கூலி வருமானம் போனதுதான் மிச்சம்.

என் அனுபவத்தில் வித்தியாசங்கள் இரண்டு வகை. பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை ஒரு வகை. டயர், சீட், கூரை, பம்பர், ஹூக், பேட்டரி எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குப் பணம்தான் கணக்கு. ஒன்று டீலர் மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் விலையில் கழிக்க வேண்டும். இதற்காக வண்டியை விட வேண்டியதில்லை.

மாற்றவே முடியாதவை இன்னொரு வகை. எத்தனை எச்.பி., என்ன கிளட்ச், என்ன கியர் பாக்ஸ், டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா, தயாரித்த வருடம் எது என்பதெல்லாம் வண்டியின் ஜாதகம் மாதிரி. பிறந்தபோது எழுதியதுதான். சிங்கிள் கிளட்சை டபுள் கிளட்சாக மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் சிரிப்பார். இந்த வகையில் வித்தியாசம் வந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: என் வேலைக்கு இது ஆகுமா, ஆகாதா?

அக்கா மகன் விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாக இருந்தது. அவன் டிராக்டர் வாங்குவதே வைக்கோல் கட்டு மிஷினுக்காகத்தான். டெல்டாவில் இப்போது அறுப்பு மிஷின் போன பின்னால் வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. அதைச் சுருட்டிக் கட்டும் மிஷினுக்குத்தான் சீசனில் கிராக்கி. அந்த மிஷினை ஓட்டுவது டிராக்டரின் பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டு.

மிஷினுக்குள் கட்டு நிறைந்துவிட்டால் டிராக்டர் நிற்க வேண்டும், ஆனால் மிஷின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு சுற்றிக் கட்டு வெளியே விழும். டபுள் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. சுற்றும். முழுதாக மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். சிங்கிள் கிளட்சில் மிதித்தவுடன் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, நிறைந்த கட்டின் பாரத்தோடு மிஷினை மறுபடி சுற்ற வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் இதே கூத்து. நேரமும் போகும், கிளட்சும் தேயும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கட்டு போடுகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

"அதே எச்.பி.தான்" என்று அந்தப் பையன் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. போர்டில் எழுதுவது என்ஜின் எச்.பி. மிஷினுக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ. எச்.பி. அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களைச் சோதித்து, பி.டி.ஓ. சக்தி எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கிறது என்றெல்லாம் அறிக்கை தருகிறது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால், "புத்னி ரிப்போர்ட்டைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை. வங்கியில் இருந்தபோது படிக்க வேண்டியிருந்ததால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. பார்க்காமல் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குகிறவருக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 41. சொன்னதற்கு மாறாக வந்ததை முறையாக மறுத்துவிட்டால், திருப்பிக் கொண்டுபோய் விடும் பொறுப்புகூட நம்முடையது இல்லை, மறுத்துவிட்டேன் என்று தெரிவித்தால் போதும் என்கிறது 43.

ஆனால் 42-ஆம் பிரிவைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும், சொந்தக்காரன் மாதிரி பயன்படுத்தினாலும், நியாயமான காலம் தாண்டியும் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அப்புறம் நஷ்ட ஈடு கேட்கலாம், விலையில் கழிக்கச் சொல்லலாம். வண்டியைத் திருப்புவது கஷ்டம்.

இதோடு ஆர்.டி.ஓ. பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு ஆகாமல் டீலர் புது வண்டியை வெளியே விடக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதனால் பேப்பர் வேலை முன்னால் நடக்கும், வண்டி பின்னால் கைக்கு வரும். நம் பெயரில் பதிவு விழுந்துவிட்டால் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் அது பழைய வண்டிதான். எந்த டீலரும் சிரித்த முகத்தோடு திரும்ப வாங்க மாட்டார். ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாளே போய்ப் பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், தயாரித்த மாதம், வருடம், டயர் அளவு எல்லாவற்றையும் கொட்டேஷனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாலை போட்ட பிறகு யாருக்கும் கண் தெரியாது.

இப்போது அன்றைய கதைக்கு வருகிறேன். அக்கா மகனைத் தனியாக அழைத்துப் போய் அந்த 1991 கதையைச் சொன்னேன். "இதுதான் எனக்குத் தெரிஞ்சது. வண்டி உன்னுது, தவணை உன்னுது. முடிவு நீதான் எடுக்கணும் மாப்ள. நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தான். பிறகு உள்ளே போய், "இது வேணாம். எழுதிக் கொடுத்த வண்டியே வேணும்" என்றான். வெள்ளைத் தாளில், கேட்டது என்ன, வந்தது என்ன, இதனால் ஏற்கவில்லை, கட்டிய முன்பணம் அதே மாடலுக்கு இருக்கட்டும் என்று தமிழிலேயே எழுதி, ஒரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். வங்கிக்கும் ஒரு நகல் கொடுத்தோம். கடன் அனுமதித்தது அந்த கொட்டேஷனை வைத்துத்தானே.

அக்காவுக்குக் கோபம். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ரோஜா மாலையைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு, என்னோடு பேசாமலே வந்தாள்.

கேட்ட வண்டி வந்தபோது இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதற்குள் பாதி சீசன் போய்விட்டது. முன்பே வாங்கி வைத்திருந்த வைக்கோல் கட்டு மிஷினுக்கு வெளியில் டிராக்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டினான். டிரைவருக்கும் வண்டிக்கும் கொடுத்தது போக அவன் கையில் நின்றது கொஞ்சம்தான். "மாமா பேச்சைக் கேட்டு நஷ்டம்" என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நஷ்டம் உண்மைதான். ஆனால் அது ஒரு சீசன் நஷ்டம். டிராக்டரோடு பத்துப் பதினைந்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டும்.

நாங்கள் வேண்டாம் என்ற அந்த வண்டி என்ன ஆயிற்று? பக்கத்து ஊரில் அவனுடைய சிநேகிதன் ஒருவனே எடுத்தான். தயாரித்து மாதமாகிவிட்டதைச் சொல்லி நல்ல தொகை குறைத்து வாங்கினான். அவனிடம் வைக்கோல் கட்டு மிஷின் கிடையாது. டிரெய்லர் அடிப்பது, கலப்பை போட்டு உழுவது, அவ்வளவுதான் வேலை. அதற்கு அந்த வண்டி தாராளம். இன்றைக்கும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் பையன் வேலைக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான்.

வீடுகளில் இப்படிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் நம்மைப் போன்ற பெரியவர்களைத்தான் பார்க்கிறார்கள். நாமும் "வந்ததை வேண்டாங்காதே", "நாலு பேர் பார்க்கிறாங்க", "சின்ன வித்தியாசம்தானே" என்று சொல்லிவிடுகிறோம். அது நம் வாயில் பழகிய பேச்சு. தவணை கட்டப் போகிறவன் அவன். கொட்டேஷனை எடுத்து வா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

எடுத்துக்கொள்வது என்று முடிவானாலும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். "அடுத்த சர்வீஸ்ல டயர் மாத்தித் தர்றோம்" என்பதை பில்லிலோ லெட்டரிலோ தேதியோடு எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்தும் செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் போகாமல் இருக்கத்தான் முதல் நாளே பார்ப்பது.

அக்கா இப்போது என்னோடு பேசுகிறாள். சரியான வண்டி வந்த அன்று மறுபடியும் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் அவளே வாங்கி வந்தாள். கொட்டேஷனையும் மறக்காமல் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து, "முதல்ல இதைப் பார்த்துச் சொல்லு, அப்புறம் தேங்காய் உடைக்கலாம்" என்றாள்.

1991-இல் அந்தப் பெரியவரிடமும் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.